மல்லாகத்து வளவு எங்கள் முன்னோருக்கு எவ்வாறு வந்தது?

கேள்வி: பூட்டன் வளவு

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மல்லாகத்தை அடுத்து, நாற்சார் வீட்டோடு கூடிய ஒரு வளவும் அதன் பின்புறம் கிணறும் தோட்டக் காணியுமாக ஏறத்தாழ 40 பரப்பு நிலம் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில் உத்தியோகம் பார்த்த மூதாதை ஒருவருக்குப் பரிசாகக் கிடைத்த காணி இது என்று அப்பாச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தேன். அவர் இப்போது இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளின் (பத்திரங்களின்) கட்டு இருந்த பெட்டி தொலைந்துபோயிற்று. எஞ்சியிருப்பது 1931-ஆம் ஆண்டு நன்கொடை உறுதி ஒன்றின் நிழற்பிரதி மட்டுமே.

அந்த உறுதியில் முதலாவதாக இருக்கும் பெயர் என் பூட்டனாருடையது. அவர் பெயரையும் அவருடைய தகப்பனார் பெயரையும் கொண்டு காணிப் பதிவகத்தில் ஒருவரைத் தேடச் செய்தேன். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் அதே பெயரில் பலர் வருகிறார்கள். எங்கள் காணியோடு பொருந்தும் பதிவு 1931-க்கு முன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் எவ்வழியாகப் போவது? பரிசுக் காணி என்ற கதையை உறுதிப்படுத்த முடியுமா? சொத்துத் தகராறு எதுவும் இல்லை. என் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிவைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

மறுமொழி: உறுதிக்கட்டு

உறவே, உறுதி எழுதி முடிக்கும் சட்ட அலுவலரான நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆளின் பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டு, காணியின் பெயரை வைத்துத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. ஆட்கள் மாறினாலும், காணி பத்துப் பங்காகப் பிரிந்தாலும், அந்தப் பெயர் மாறுவது அரிது. உங்கள் உறுதியின் அட்டவணையில் காணிப் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவை இருக்கும். எல்லைக்காரர்களாகக் குறிக்கப்பட்டவர்களின் பெயர்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர்களுடைய பழைய உறுதிகளில் உங்கள் முன்னோர் எல்லைக்காரராக வருவார்கள்.

பரப்பு என்ற நில அளவில் ஒரு கவனம் தேவை, அதற்கு இரண்டு கணக்கு உண்டு. வரகுக் கணக்கில் ஒரு பரப்பு 18 குழி, நெற்கணக்கில் 12 குழி. முன்னதில் 16 பரப்பும் பின்னதில் 24 பரப்பும் ஓர் ஏக்கர். பழைய உறுதியில் வேறு எண்ணைக் கண்டவுடன் இது நம் காணி அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் நிறைந்ததும் புதிய பக்கம் திறந்து, எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்று குறித்திருப்பார்கள். உங்கள் நிழற்பிரதியில் பதிவக முத்திரையோடு எழுதப்பட்டிருக்கும் தொகுதி, பக்க இலக்கங்களைப் பிடித்தால், ஒரு பக்கத்திலிருந்து அதற்கு முந்தியதற்கு என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லலாம். உறுதி தொலைந்தது பற்றி மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு தாம் முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியையும் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம். அங்கே அது பாதுகாப்பாக இருந்தால், சான்றுப்படுத்திய பிரதி பெறலாம்.

மறுமொழி: சீதனக் காணி

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் தேடல் தடைப்பட்டதற்கான காரணம் வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் பூட்டனாரையும் அவருடைய தகப்பனாரையும் தேடியிருக்கிறீர்கள், பூட்டியாரைத் தேடினீர்களா?

யாழ்ப்பாணத்துக் காணிகளில் பெரும்பகுதி பெண்கள் வழியாகவே கைமாறியிருக்கிறது. 1707-இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை, கணவன் கொண்டுவந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து ஈட்டியது தேடிய தேட்டம் என்று சொத்தை மூன்றாகப் பிரித்தே தொடங்குகிறது. தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் போவதே பழைய முறை. போர்த்துக்கேயர் காலத்தில் இது தளர்ந்து, எந்தச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்தது என்று அதே தொகுப்பு கூறுகிறது. தாய் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பதும், மகள் தன் மகளுக்கு எழுதிக் கொடுப்பதும் இன்றுவரை நாம் காண்பதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவனின் சம்மதம் வேண்டும். ஆகவே நன்கொடையாளர்கள் என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே கையெழுத்திடுவார்கள், கணவனின் பெயர் முதலில் வரும். முதலில் வரும் பெயருக்கு உரியவர்தான் காணிக்கும் உரியவர் என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டதால், எத்தனையோ பெண்களின் வளவுகள் குடும்பக் கதையில் ஆண்களின் வளவுகளாகிவிட்டன. அட்டவணைக்கு அருகில், காணி கொடுப்பவருக்கு எவ்வாறு உரித்தாயிற்று என்று ஒரு நீண்ட வாக்கியம் இருக்கும். அதைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

மறுமொழி: கோயிற்பற்று

பரிசுக் காணி பற்றி மட்டும் எழுதுகிறேன். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர், காணிகளையும் அவற்றுக்கு உரியவர்களையும் கோயிற்பற்று (தேவாலயப் பங்கு) வாரியாகத் தோம்புகள் என்ற பதிவேடுகளில் பதிந்தார்கள். வரியும் ஊழியமும் யாரிடமிருந்து பெறுவது என்று அறிவதே அதன் நோக்கம். ஆகையால் தோம்பில் ஒருவர் பெயர் இருப்பது அவர் அந்தக் காணியை வைத்திருந்தார் என்பதற்குச் சான்றே தவிர, ஒல்லாந்தக் கொம்பனி அவருக்கு அதைக் கொடுத்தது என்பதற்குச் சான்று ஆகாது. பிற்கால உறுதிகளில் தோம்பைச் சுட்டிக் காணிப் பெயர் எழுதியிருப்பதைக் கண்டு, காணியே ஒல்லாந்தர் கொடுத்தது என்று நம்பிய குடும்பங்கள் உண்டு. கொடை என்றால் தனி ஆவணம் வேண்டும். இலங்கையில் எஞ்சிய ஒல்லாந்த ஆவணங்கள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. அவை பழைய டச்சு மொழிக் கையெழுத்தில் இருப்பதால் படிக்கத் தெரிந்தவரின் துணை வேண்டும்.

ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். 1931-இலிருந்து ஒல்லாந்தர் காலத்துக்கு நேரே தாவினால் இடையில் நான்கைந்து தலைமுறை விட்டுப்போகும், அந்தப் பெயர் உங்களவருடையதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டை முதலில் கட்டி முடியுங்கள். உங்கள் காணியோ அயற்காணியோ பங்கு வழக்கில் பட்டிருந்தால், மாவட்ட நீதிமன்றக் கோவையில் வழக்காளிகள் தாக்கல் செய்த வம்சாவளி இருக்கும். தனக்குச் சாதகமாகச் சொன்னது என்பதை மறவாமல் படித்தால், அதைவிடச் செறிந்த சான்று வேறில்லை.

கேள்வி கேட்டவர்: பூட்டன் வளவு

உங்கள் அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த வாக்கியத்தைப் படித்தேன். காணி "எங்களில் இரண்டாமவருக்கு" அவருடைய தாயார் கொடுத்த சீதன உறுதிப்படி உரித்தானது என்று எழுதியிருக்கிறது. இரண்டாமவர் என் பூட்டியார். சீதன உறுதியின் ஆண்டு 1889. இலக்கத்தில் ஓர் எண் மங்கியிருக்கிறது, நொத்தாரிசின் பெயர் தெளிவாக இருக்கிறது. பூட்டியாரின் தாயாருடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த உறுதியில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். இலக்கம் முழுமையாக இல்லாமல் பிரதி எடுக்க இயலுமா?

மறுமொழி: உறுதிக்கட்டு

இயலும். நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் இருப்பதால், மங்கிய எண்ணுக்குப் பத்து வாய்ப்புகளுக்கு மேல் இல்லை. அவருடைய அந்த ஆண்டு உறுதிகளை வரிசையாகப் பார்க்குமாறு விண்ணப்பத்தில் கேளுங்கள். அத்தோடு பூட்டியாரின் தாயாருடைய பெயரையும் காணிப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பிரதி கிடைத்ததும் அதிலும் அதே வாக்கியத்தை முதலில் தேடிப் படியுங்கள்.