குழுவிலிருந்து நீக்கிய பிறகும் டெஸ்டில் அனுமதி போகவில்லை (ஜாங்கோ 4.2)

கேள்வி

வணக்கம். இரண்டு நாளாக ஒரே டெஸ்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்துக்காக ஜாங்கோவில் (பைத்தானில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதியிருக்கிறேன். கட்டட வரைபடங்கள், விலைப்பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டட வேலையும் ஒரு ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட்டோடு ஆட்களை நேரடியாக இணைப்பதில்லை, குழுக்களைத்தான் இணைக்கிறேன். பட்டியல் பக்கத்தில் அவரவர் குழுவின் ப்ராஜெக்ட்கள் மட்டும் தெரியும். திருத்துவதற்கு 'சேஞ்ச் ப்ராஜெக்ட்' அனுமதியைக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

டெஸ்ட் இதுதான். ஒருவரைக் குழுவில் சேர்த்துத் திருத்தும் பக்கத்தைக் கூப்பிடுகிறேன், 200 (வெற்றி) வருகிறது. பிறகு குழுவிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி கூப்பிடுகிறேன். 'பெர்மிஷன் டினைட்' எக்ஸெப்ஷன் வர வேண்டும், ஆனால் மறுபடியும் 200தான் வருகிறது. யூசரை டேட்டாபேஸிலிருந்து மறுபடி படிக்கும் ரிஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி போட்டும் மாற்றமில்லை. டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் அவரைக் குழுவோடு இணைத்த வரிசை உண்மையிலேயே நீங்கியிருக்கிறது. பிரவுசரில் இதையே செய்தால் ஒழுங்காக 403 (அனுமதி மறுப்பு) வருகிறது.

டெஸ்ட் வேகமாக ஓடட்டும் என்று ரிக்வெஸ்ட் ஃபேக்டரியில் (டெஸ்டுக்கான ரிக்வெஸ்ட் செய்து தரும் ஜாங்கோவின் கருவி) ரிக்வெஸ்ட் உருவாக்கி, அதில் யூசரை வைத்து, வியூவை (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்) நேரடியாகக் கூப்பிடுகிறேன்.

இன்னொரு விஷயம், இதற்குத் தொடர்பு உண்டா தெரியவில்லை. முதலில் ஹேஸ்_பெர்ம் (இவருக்கு இந்த அனுமதி உண்டா என்று சொல்லும் மெத்தட்) கேட்கும்போது ப்ராஜெக்ட்டையும் இரண்டாவதாகக் கொடுத்தேன். எல்லோருக்கும் மறுத்தது. அதை எடுத்துவிட்டேன், இப்போது வேலை செய்கிறது.

பதில் 1

டேட்டாபேஸில் தப்பில்லை நண்பரே, உங்கள் கையில் இருக்கும் யூசர் ஆப்ஜெக்ட்தான் பழசு.

முதல் தடவை ஹேஸ்_பெர்ம் கேட்டதும், மாடல் பேக்எண்ட் (அனுமதிகளைச் சரிபார்க்கும் ஜாங்கோவின் பகுதி) எல்லா அனுமதிகளையும் ஒரே மூச்சில் எடுத்து அந்த யூசர் ஆப்ஜெக்ட்டின் மேலேயே ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை டேட்டாபேஸுக்குப் போவதில்லை. ரிஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி இதை அழிக்காது. இதை ஜாங்கோ ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிறார்கள். யூசரை அவருடைய ஐடி கொண்டு மறுபடி ஒரு 'கெட்' செய்து புது ஆப்ஜெக்ட்டாக எடுங்கள், சரியாகிவிடும்.

பிரவுசரில் ஏன் சரியாக வருகிறது என்றால், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் செஷனில் உள்ள ஐடியை வைத்து யூசரைப் புதிதாகப் படிக்கிறார்கள். டெஸ்ட் கிளையன்ட்டும் (பிரவுசர் போல நடிக்கும் ஜாங்கோவின் டெஸ்ட் கருவி) அப்படித்தான். அதனால் இந்த மாதிரி டெஸ்டுக்கு ரிக்வெஸ்ட் ஃபேக்டரி வேண்டாம். கிளையன்ட்டில் ஃபோர்ஸ்_லாகின் (பாஸ்வேர்டு இல்லாமலே லாகின்) செய்யுங்கள், பாஸ்வேர்டு ஹேஷ் செய்யும் நேரமும் மிச்சம். மிடில்வேர் (ரிக்வெஸ்ட் வியூவை அடையும் முன் கடக்கும் அடுக்குகள்), யூஆர்எல் எல்லாம் சேர்ந்து ஓடும், எக்ஸெப்ஷனுக்குப் பதில் 403ஐயே பார்க்கலாம்.

பதில் 2

முதல் பதில் சரி. ஆனால் எனக்குக் கவலை தருவது கேள்வியின் கடைசிப் பத்திதான். தயவுசெய்து இன்றைக்கே அதைப் பாருங்கள்.

ஜாங்கோவோடு வரும் மாடல் பேக்எண்ட்டுக்குத் தனித்தனி ஆப்ஜெக்ட்டுக்கான அனுமதி தெரியாது. இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக ப்ராஜெக்ட்டைக் கொடுத்தால், கேள்வியே கேட்காமல் 'அனுமதி எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். எல்லோருக்கும் மறுத்தது அதனால்தான். அதை எடுத்ததும் உங்கள் கேள்வியே மாறிவிட்டது. 'இவர் இந்த ப்ராஜெக்ட்டைத் திருத்தலாமா' என்று கேட்ட இடத்தில் இப்போது 'இவர் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்டைத் திருத்தலாமா' என்று கேட்கிறீர்கள். பட்டியலில் அடுத்த குழுவின் ப்ராஜெக்ட் தெரியாதுதான். ஆனால் முகவரியில் 12 என்ற எண்ணை 13 ஆக மாற்றினால் திருத்தும் பக்கம் திறக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் டெஸ்டில் ஒரு ப்ராஜெக்ட், ஒரு குழு மட்டும் இருந்தால் இந்த ஓட்டை ஒருநாளும் தெரியாது. குறைந்தது இரண்டு ப்ராஜெக்ட், இரண்டு குழு வையுங்கள். முதல் குழுவில் இருப்பவரைத் திருத்தும் அனுமதியோடு இரண்டாவது ப்ராஜெக்ட்டின் பக்கத்துக்கு அனுப்புங்கள். சூப்பர் யூசரை வைத்து இந்த டெஸ்டை எழுதவே கூடாது. ஆக்டிவாக இருக்கும் சூப்பர் யூசருக்கு ஜாங்கோ எதையும் பார்க்காமல் 'சரி' சொல்லிவிடும்.

தீர்வுக்கு, ப்ராஜெக்ட்டின் குவெரிசெட்டில் (டேட்டாபேஸிலிருந்து வரிசைகளை எடுத்துத் தரும் ஆப்ஜெக்ட்) 'இவருக்கு உரியவை' என்று ஒரு மெத்தட் எழுதுங்கள். பட்டியல், பார்க்கும் பக்கம், திருத்தும் பக்கம், அழிக்கும் பக்கம் எல்லாம் அதிலிருந்தே எடுக்கட்டும். அதில் கிடைக்காவிட்டால் 404 (அப்படி ஒன்று இல்லை). கிடைத்த பிறகு ஹேஸ்_பெர்ம் பார்த்து, இல்லையென்றால் 403. குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு 403 கொடுத்தால் 'அப்படி ஒரு ப்ராஜெக்ட் இருக்கிறது' என்று நாமே சொன்னதாகும். கிட்ஹப்பும் அனுமதியில்லாதவருக்குத் தனியார் ரெப்பாசிட்டரியை 404 என்றுதான் காட்டுகிறது. ஜாங்கோ கார்டியன் என்று ஒரு பேக்கேஜ் உண்டு, ஆப்ஜெக்ட் வாரியாக அனுமதி வைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே ப்ராஜெக்ட்–குழு இணைப்பு இருப்பதால் அது தேவைப்படாது.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. டெஸ்ட் கிளையன்ட்டுக்கு மாறியதும் நீக்கும் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது.

அப்புறம் இரண்டு ப்ராஜெக்ட் டெஸ்ட் எழுதினேன். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது, 200. ஒரே ஊரில் ஒரே டெண்டருக்குப் போட்டி போடும் இரண்டு வாடிக்கையாளர்களின் விலைப்பட்டியல் இதில் இருக்கிறது. அதை நினைத்ததும் எனக்குக் கை நடுங்கியது. மேலாளரிடம் சொல்லிவிட்டு, சரிசெய்யும் வரை திருத்தும் பக்கத்தையே மூடி வைத்தேன்.

இப்போது குவெரிசெட் மெத்தட் எழுதிவிட்டேன். புதிதாக ஒரு சிக்கல். எங்கள் தள மேற்பார்வையாளர் ஒருவர் இரண்டு குழுக்களில் இருக்கிறார், இரண்டுமே ஒரே ப்ராஜெக்ட்டோடு இணைந்தவை. அவருக்குப் பட்டியலில் அது இரண்டு முறை வருகிறது. உள்ளே போனால் 500 (சர்வர் பிழை). 'மல்ட்டிபிள் ஆப்ஜெக்ட்ஸ் ரிட்டர்ன்ட்' என்கிறது. இரட்டிப்பை நீக்கும் டிஸ்டிங்க்ட் போட்டால் போதுமா?

பதில் 1

பட்டியலுக்குப் போதும், ஆனால் நான் போட மாட்டேன். டிஸ்டிங்க்ட் போட்ட குவெரிசெட்டில் டிலீட் கூப்பிட ஜாங்கோ விடாது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் டிஸ்டிங்க்ட்டோடு செலக்ட்_ஃபார்_அப்டேட்டும் (திருத்தி முடியும் வரை வரிசையைப் பூட்டுவது) சேராது. நாலு இடத்தில் பயன்படப்போகும் மெத்தட் இது. ஏதோ ஓரிடத்தில் உடையும்.

குழு அட்டவணையோடு ஜாயின் செய்வதால்தான் வரிசை இரட்டிக்கிறது. அதற்குப் பதிலாக 'எக்ஸிஸ்ட்ஸ்' சப்குவெரி எழுதுங்கள். 'இந்த ப்ராஜெக்ட்டோடு இணைந்த குழுக்களில் இவர் இருக்கும் குழு ஒன்றாவது உண்டா' என்று மட்டும் கேட்கும். எத்தனை குழுவில் இருந்தாலும் ப்ராஜெக்ட் ஒருமுறைதான் வரும். அந்த மேற்பார்வையாளரைப் போல ஓர் ஆளை டெஸ்டிலும் நிரந்தரமாக வையுங்கள்.

பதில் 3

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். குழுவையும் அதன் அனுமதியையும் டேட்டா மைக்ரேஷனில் (டேட்டாபேஸில் மாற்றம் செய்யும் ஸ்கிரிப்ட்) உருவாக்குகிறீர்களா? அப்படியென்றால் டெஸ்ட் டேட்டாபேஸில் 'பெர்மிஷன் இல்லை' என்ற பிழை வரலாம். அனுமதி வரிசைகள் எல்லா மைக்ரேஷனும் முடிந்த பிறகு, போஸ்ட் மைக்ரேட் சிக்னலில்தான் உருவாகின்றன. பழைய டேட்டாபேஸில் அவை முன்பே இருப்பதால் நம் கணினியில் பிழை தெரியாது. எனக்கு அப்படி ஒரு முழு நாள் போயிருக்கிறது.

அப்புறம், வரைபட ஃபைல்களை எப்படிக் கொடுக்கிறீர்கள்? மீடியா ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் (ஜாங்கோவுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வர்) நேராகக் கொடுத்தால் உங்கள் வியூ, குழு எதுவும் நடுவில் இல்லை. லிங்க் தெரிந்த யாரும் எடுக்கலாம்.

கேட்டவர்

குழுக்களை அட்மின் பக்கத்தில் கையால்தான் உருவாக்குகிறோம், அதனால் மைக்ரேஷன் பிரச்சினை இல்லை. ஃபைல் விஷயத்தில் நீங்கள் பயந்தபடியேதான் இருந்தது. நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இன்று மாற்றிவிட்டேன். டவுன்லோடுக்கு ஒரு வியூ, அதுவும் அதே குவெரிசெட் மெத்தட் வழியாக. உரியவர் என்றால் எக்ஸ் ஆக்சல் ரீடைரக்ட் ஹெடரை அனுப்புகிறது, ஃபைலை என்ஜின்எக்ஸ் கொடுக்கிறது. மீடியா ஃபோல்டரை என்ஜின்எக்ஸில் 'இன்டர்னல்' (வெளியிலிருந்து நேராகக் கேட்க முடியாதது) ஆக்கியாயிற்று. டெஸ்டில் இப்போது ஐந்து பேர்: லாகின் செய்யாதவர், வேறு குழுக்காரர், பார்க்க மட்டும் உரியவர், திருத்தக்கூடியவர், இரண்டு குழுவில் இருப்பவர். பட்டியல், பார்த்தல், திருத்தல், அழித்தல், டவுன்லோட் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து பேரையும் அனுப்புகிறேன்.

என்ஜின்எக்ஸ் இந்த டெஸ்டுக்குள் வராது என்பதால் கடைசியில் கையாலும் ஒருமுறை பார்த்தேன். போன மாதம் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய வரைபட லிங்க் இருந்தது. லாகின் செய்யாத பிரவுசரில் அதைப் போட்டேன். 404 வந்தது.