மறு: ரேஸ்வே, கேசிங் கேப்பிங்: தமிழில் என்ன? ‘ஒட்டுக்காடி’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. நடுவில் வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, குடியும் போன வீட்டில் ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் வயரை மறைப்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவர்மேல் ஒட்டி, வயரை உள்ளே வைத்து, மூடியை அழுத்திப் பூட்டுகிற அந்த நீளமான பிளாஸ்டிக் பட்டிக்கு (கடையில் ரேஸ்வே, கேசிங் கேப்பிங் என்பார்கள்) ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் இதோ.

> ‘மறைவடம்’ என்று வைக்கலாமே? நிலத்தடி மின்கம்பியைப் ‘புதைவடம்’ என்றுதானே எழுதுகிறோம்.

புதைவடம் எனக்கும் பிடித்த சொல். தேர் வடத்தை இழுத்த ஊருக்கு கேபிளை வடம் என்று சொல்லக் கூச்சமே வேண்டாம். ஆனால் மறைவடம் என்றால் உள்ளே கிடக்கிற வயர். நான் கேட்டது வெளியே இருக்கிற கூட்டுக்கு. அப்புறம், வகரத்தின் மேல் ஒரு சுழி தவறுதலாக ஏறினால் போதும், ‘மறைவிடம்’ ஆகிவிடும். ‘மறைவிடத்தை ஈரத்துணியால் துடைக்கவும்’ என்று என் கையேட்டில் அச்சாவதை நான் விரும்பவில்லை.

> வாய்க்கால் போல ‘வடக்கால்’?

வாஸ்து பார்க்கிறவர் ஸ்பீக்கரையே வடக்குச் சுவருக்கு மாற்றிவிடுவார்.

> சுவருக்குள் வயரை இழுப்பதை ஆங்கிலத்தில் மீன்பிடித்தல் என்கிறார்கள். ‘தூண்டிலிடல்’ எனலாம்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தப் பேச்சு அமெரிக்க வீட்டில் பிறந்தது. அங்கே பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிறுத்தி, இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்திருப்பார்கள். நடுவில் வெற்றிடம். பரணிலிருந்து நாடாவை இறக்கி, கீழே ஓட்டை போட்டு, துழாவிப் பிடித்து இழுத்தால் உண்மையிலேயே மீன் பிடிப்பது போலத்தான் இருக்கும். நம் சுவர் செங்கல், அதன்மேல் ஏறக்குறைய 12 மி.மீ. பூச்சு. துழாவ ஏது இடம்? நம்மிடம் இருப்பது ஏற்கெனவே பதித்த குழாய் மட்டுமே. அதற்குள் எலக்ட்ரீஷியன் ‘ஸ்பிரிங்’ என்கிற வளையும் கம்பியை விட்டு இழுப்பதைப் பார்த்தால், ஊக்கைக் குத்திப் பாவாடைக்கு நாடா கோப்பதுதான் நினைவுக்கு வருகிறது. எனவே ‘வடம் கோத்தல்’ போதும். அந்த ஸ்பிரிங்குக்குக் ‘கோப்பூசி’ என்று எழுதிப் பார்த்தேன். கோப்பு என்றதும் கணினிக் கோப்பு குறுக்கே வருகிறது, விட்டுவிட்டேன். ஸ்பிரிங் என்றே இருக்கட்டும்.

போன வாரம் எங்கள் கூடத்தில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) மாட்ட ஒரு எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். சோபாவுக்குப் பின்னால் போகவேண்டிய இரண்டு வயர்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “காடி எடுக்கணுமா சார், இல்ல மேலாக்க ஒட்டிடலாமா?”

காடி! மரவேலையில் பலகைக்கு வெட்டுகிற பள்ளமும் காடிதான். குழாய் பதிக்கச் சுவரில் கீறுகிற பள்ளமும் காடிதான். நாம் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது சொல் உளி சுத்தியலோடு வாசலில் நின்றிருக்கிறது. சுவரை வெட்டி எடுத்தால் வெட்டுக்காடி. பட்டியாக மேலே ஒட்டினால் ஒட்டுக்காடி. இரண்டுமே வயர் ஓடுகிற பள்ளம். ஒன்று சுவருக்கு உள்ளே, மற்றது வெளியே.

இந்தப் பிரிவு வெறும் எதுகைக்காக இல்லை. ஸ்பீக்கர் வயர் பெரும்பாலும் கிடையாக, அறையைச் சுற்றி ஓடும். கிடையாக வெட்டுவது சுவருக்குக் கெடுதல் அதிகம். பிரிட்டிஷ் கட்டட விதிகளில் நெடுக்கு வெட்டுக்குச் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குவரை இடம் உண்டு, கிடை வெட்டுக்கு ஆறில் ஒரு பங்குதான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரென்றால் 19 மி.மீ. அளவோடு நிறுத்த வேண்டும். குடியேறிய வீட்டில் தூசி வேறு. ஸ்கர்ட்டிங் டைலின் தலைமேல் ஒட்டுக்காடி ஓட்டி, சுவரின் நிறத்தையே பூசிவிட்டால் வேலை முடிந்தது. சுற்றிப் போவதால் வயர் நீளுமே என்றால், எங்கள் வீட்டில் ஒரு பக்கம் 11 மீட்டர் வந்தது. 16 கேஜ் கனமுள்ள செம்பு வயரில் போய்வர 22 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 5 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

‘கன்சீல்ட்’ (மறைத்தது) என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்காமல் இப்படிப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த எலக்ட்ரீஷியனே, “ஏற்கெனவே கன்சீல்ட் பைப் போகுது சார், அதுலயே விட்டுடவா?” என்றார். 230 வோல்ட் ஓடுகிற குழாயில் ஸ்பீக்கர் வயரைக் கோக்கவே கூடாது. உறை எங்காவது உரசிப் போனால் ஆம்ப்ளிஃபையரில் மின்சாரம் ஏறும், தொடுகிறவருக்கும் ஆபத்து. பக்கத்திலேயே நெடுந்தூரம் ஓடினால் ‘உம்ம்’ என்று இரைச்சலும் வரலாம். ஒரு அடியாவது தள்ளி விட வேண்டும். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டுமென்றால் செங்கோணத்தில் கடக்கலாம்.

> பினாங்கில் காடி என்றால் கார் ஐயா. ‘ஒட்டுக்காடி’யை எல்லாரும் ‘ஓட்டு, காடி’ என்றுதான் படிப்பார்கள்.

சிரித்துவிட்டேன், ஆனால் நியாயமான மறுப்பு. வினிகருக்கும் காடி என்று பெயர் இருப்பதை இன்னொருவர் தனிமடலில் நினைவூட்டினார். வினிகரைச் சுவரில் ஒட்ட யாரும் நினைக்க மாட்டார்கள், அதை விடுங்கள். மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்காக ‘ஒட்டுச்சால்’ என்பதை இணைச்சொல்லாகத் தரலாம். உழவுச் சால் போல இதுவும் நீளப் பள்ளம்தானே. எனக்கு இன்னும் காடிதான் ருசிக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

மூலையில் திருப்புகிற துண்டுக்குக் கடையில் எல்போ என்கிறார்கள். ‘முழங்கை’ நேரடிப் பெயர்ப்பு, வேண்டாம். ‘மூலைத்துண்டு’ என்று போட்டிருக்கிறேன். நிலைப்படியைத் தாண்டும் இடத்துக்கு மட்டும் எனக்குச் சொல்லும் கிடைக்கவில்லை, வழியும் கிடைக்கவில்லை. பால்கனிக் கதவருகே இடப்பக்கப் பின் ஸ்பீக்கரின் வயர் இப்போதைக்கு மிதியடிக்குக் கீழே கிடக்கிறது.

வியாழன் இரவுவரை வேறு மறுப்பு வராவிட்டால் ஒட்டுக்காடியை விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடுகிறேன்.