1:76 ரயில் கடவை: தானாக இறங்கிற கேற் நடுங்குது

இணுவில்_லைன்:
காங்கேசன்துறை லைனில இருக்கிற மாதிரி ஒரு சின்ன மொடல் ரயில் கடவை செய்யிறன், 1:76 அளவில (நிசத்தின்ர 76இல ஒரு பங்கு). வீதி அகலம் 6 மீற்றர் எண்டு எடுத்தால் கேற் கம்பம் 79 மி.மீ. வரும். கம்பத்தைத் தூக்க எஸ்ஜி90 சேர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பிற சின்ன மோட்டர்), அதை ஓட்ட ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதிற சின்ன போர்ட்), ரயிலைக் கண்டுபிடிக்கத் தண்டவாளத்துக்கு நடுவில ஒரு டிசிஆர்டி5000 சென்சர் (இன்ஃப்ராறெட் வெளிச்சம் பட்டுத் திரும்பி வருதா எண்டு பாக்கிறது). கரண்டைப் போட்டதும் கம்பம் உதறுது. இறங்கி நிண்ட பிறகும் நுனி நடுங்குது. ரயில் முழுக்கக் கடக்க முதலே கேற் திறக்குது. எதை மாத்தவேணும்?

நாவற்குழி:
நுனி நடுக்கத்துக்கு முதல்ல சேர்வோவையும் கம்பத்தையும் தொடுக்கிற இணைப்புக் கம்பியைப் பாருங்கோ, புரோகிராம் பிறகு. 0.4 மி.மீ. கம்பி 0.5 மி.மீ. துளையில கிடந்தால் 0.1 மி.மீ. தளர்வு. கம்பத்தின் அடியில இருக்கிற நெம்பு 2 மி.மீ. எண்டால் அந்தத் தளர்வு நுனியில 4 மி.மீ. ஆட்டமா வரும், நெம்பு 4 மி.மீ. எண்டால் பாதிதான். அந்த 4 மி.மீ. நெம்போட, சேர்வோ கையில மையத்திலயிருந்து 6 மி.மீ. தூரத்துத் துளையில கொழுவினால், சேர்வோ 54 பாகை திரும்பக் கம்பம் 85 பாகை எழும்பும்.

கம்பிக்கு 0.016 அங்குல கிற்றார் கம்பி நல்லது. கடல்காத்துக்குத் துரு பிடிக்கும், தையல் மெசின் எண்ணெய் தடவி விடுங்கோ.

கம்பத்தின்ர பின்பக்கம் மீன்வலை ஈயத்தில ஒரு துண்டு ஒட்டுங்கோ. ஆனால் சரிசமனாக்காதேங்கோ. நுனிப்பக்கம் கொஞ்சம் பாரமா இருந்தால்தான் தளர்வு எப்பவும் ஒரே பக்கம் சாய்ஞ்சு கிடக்கும். கம்பத்தை 85 பாகையில நிப்பாட்டிறதும் அதுக்குத்தான், நேர நிமிர்ந்தால் பாரம் எந்தப் பக்கமும் இழுக்காது.

சுன்னாகம்76:
உதறலுக்குக் காரணம், நானோ இயங்கத் தொடங்கும் வரைக்கும் சிக்னல் வயருக்கு ஒரு நிலையும் இல்லை. அந்த வயருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில 10 கிலோ ஓம் றெசிஸ்ரர் போடுங்கோ. புரோகிராமில 'அட்டாச்' (சேர்வோவுக்கு சிக்னல் அனுப்பத் தொடங்கிற கட்டளை) செய்ய முதல் தொடக்க நிலையை எழுதிவிடுங்கோ. இல்லாட்டி ஆர்டுயினோவின்ர சேர்வோ லைபிரரி முதல்ல 1500 மைக்ரோசெக்கன் சிக்னல் துடிப்புக்கு, அதாவது நடுவுக்கு, இழுத்துப்போடும் (துடிப்பின்ர நீளம்தான் சேர்வோவின்ர கோணம்).

நானோவின் 5 வோல்ற் பின்னில சேர்வோவை ஓட்டவே வேண்டாம், இழுக்கிற நேரம் வோல்ற்றேஜ் விழுந்து நானோ றீசெற் ஆகும். தனி 5 வோல்ற், 1 அம்பியர் சார்ஜர், சேர்வோவுக்குக் கிட்ட 470 மைக்ரோபரட் கப்பாசிற்றர், நானோவினதும் சார்ஜரினதும் ரெண்டு கிரவுண்டும் கட்டாயம் ஒண்டாச் சேரவேணும்.

பாகை பாகையா நகர்த்தினால் ஒவ்வொரு அடிக்கும் நுனி 2 மி.மீ. துள்ளும். அதுக்குப் பதிலா 20 மில்லிசெக்கனுக்கு ஒருக்கால் துடிப்பை 4 மைக்ரோசெக்கன் மட்டும் மாத்துங்கோ, ஏறக்குறைய 3 செக்கனில இறங்கும். இறங்கி அரைச் செக்கனில 'டிற்றாச்' (சிக்னலை நிப்பாட்டிற கட்டளை) செய்தால் சேர்வோவின்ர இரைச்சலும் நிக்கும். இந்தச் சின்னப் பாரத்தைப் பல்லுச் சில்லின்ர உராய்வே தாங்கும்.

கோண்டாவில்_கேற்:
கேற் முந்தித் திறக்கிறது ஒரு சென்சரை மட்டும் நம்பினதால. பெட்டிக்குப் பெட்டி நடுவில வாற இடைவெளியையும் கறுப்பு அடிப்பக்கத்தையும் டிசிஆர்டி5000 'ரயில் இல்லை' எண்டுதான் எடுக்கும். ஒவ்வொரு பெட்டிக்கடியிலயும் வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டி, கடைசியாக் கண்டதிலயிருந்து 3 செக்கன் பொறுத்துத் திறக்க விடுங்கோ. யன்னல் வெயில் படுகிற இடமெண்டால் சென்சரின் இன்ஃப்ராறெட் எல்ஈடியை ஒருக்கால் அணைச்சு, ஒருக்கால் எரிச்சு வாசிச்சு, வித்தியாசத்தை மட்டும் எடுங்கோ.

எங்கட லைன் ஒற்றைப் பாதை, ரயில் ரெண்டு பக்கத்தாலயும் வரும். அதால மூண்டு சென்சர் வேணும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகம் 1:76இல செக்கனுக்கு 11 சென்ரிமீற்றர், எச்சரிக்கைக்கு 5 செக்கனும் கம்பம் இறங்க 3 செக்கனும் வைச்சால் 88 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில பக்கத்துக்கு ஒண்டு, மூடுறதுக்கு. திறக்கிறது கடவையில இருக்கிற மூண்டாவதின்ர பொறுப்பு. வெளியேறுற ரயில் மற்றப் பக்கச் சென்சருக்கு மேலாலயும் போகும், அந்த முறை அதைக் கணக்கில எடுக்காமல் விடப் புரோகிராமில எழுதாட்டி கேற் திரும்ப மூடும்.