சம்பளம் வங்கியில், ஏடிஎம் அட்டை மேஸ்திரி கையில். என்ன செய்யலாம்?

மண்டபம்காரன்:
மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் பணியாளர் பிரிவைப் பார்க்கிறேன். நீலக்கால் நண்டை அவித்து, சதை எடுத்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறோம். சதை எடுப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள், கிலோ கணக்கில் கூலி. போன வருடம் தலைமை அலுவலகம் 'பெண்கள் பொருளாதார மேம்பாட்டுக் கொள்கை' என்று எட்டுப் பக்கம் அனுப்பியது. வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டோம். எல்லாருக்கும் வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று. சம்பளம் போட்ட மறுநாள் ஏடிஎம் போனால், ஆட்களை வேனில் கூட்டி வரும் எங்கள் மேஸ்திரி நிற்கிறார். கையில் ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு! ஒவ்வொன்றின் முதுகிலும் ரகசிய எண்ணைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். அவரைத் தட்டிக் கேட்டால் மறுநாள் வேன் வராது, ஆளும் வராது. பெண்களை சூப்பர்வைசராகக் கூப்பிட்டால் "வேணாம் சார்" என்கிறார்கள். எங்கே தொடங்குவது?

தொண்டிக்காரி:
நான் ஆறு வருஷம் நண்டு உரித்தவள் சார். அட்டையை யாரும் பிடுங்கவில்லை, நாங்களே கொடுத்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை, கம்பெனிக்கும் நண்டு வரத்து குறைவு. ஜூனில் பள்ளிக்கூடம் வேறு திறந்துவிடும். அப்போது முன்பணம் தருவது மேஸ்திரிதான். அட்டை அதற்கு அடகு. உங்கள் எட்டுப் பக்கத்தில் தடைக்காலம் என்ற சொல் இருக்கிறதா?

சூப்பர்வைசர் ஆனால் கிலோ கூலி போய் மாதச் சம்பளம். நல்ல வரத்து நாளில் அது நஷ்டம். அப்புறம் கடைசி வேன் போன பிறகும் நிற்க வேண்டும், ராத்திரி எப்படி வீடு போவது? தராசையும் பாருங்கள். எங்கள் கம்பெனியில் எடை எண் மேஸ்திரி பக்கம்தான் தெரியும். அவர் சொன்னதுதான் எடை.

கணக்குப்பிள்ளை, தூத்துக்குடி:
அக்கா சொன்னதுதான் விஷயம். எங்கள் இறால் கம்பெனியில் முன்பணத்தைக் கம்பெனியே வட்டியில்லாமல் தந்து மாதாமாதம் பிடிக்கிறது. மேஸ்திரியை வெட்டிவிடவில்லை, வேனுக்குத் தனி வாடகை பேசினோம். பிழைப்பு போகாது என்று தெரிந்ததும் மனிதர் அடங்கிவிட்டார். எங்களுக்குப் பெரிய தலைவலி உற்பத்தி மேலாளர்தான். அவரை டன் கணக்கில் மட்டும் அளந்தால் மற்றதை ஏன் பார்ப்பார்? புகார்க் குழுவை மறக்காதீர்கள்: பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே கட்டாயம், தலைமை பெண்ணாக இருக்க வேண்டும்.

மண்டபம்காரன்:
தடைக்காலம் என்ற சொல் இல்லை, தேடிவிட்டேன். முன்பணத்துக்கு மார்ச்சுக்குள் மேலிடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று காலை தராசை மட்டும் திருப்பி வைத்தேன். வரிசையில் முதலில் நின்ற அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா வைங்க" என்றார். மேஸ்திரி மறுபடி வைத்தார்.