பொருள்: பக்ட், சஃப்ட், ஸ்டோக்ட் மூன்றுக்கும் தமிழ்ச்சொல் தேவை (அவசரம்)

நண்பர்களே, மனநிலையைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். ‘பக்ட்’ (bucked, சோர்வு நீங்கி மனம் நிமிர்ந்த நிலை), ‘சஃப்ட்’ (chuffed, மனம் நிறைந்த மகிழ்ச்சி), ‘ஸ்டோக்ட்’ (stoked, துடிப்பான ஆர்வம்) என்று மூன்று பொத்தான்கள், மூன்றுமே ஆங்கிலப் பேச்சு வழக்கு. எல்லாவற்றுக்கும் உற்சாகம் என்று போட்டால் வேறுபாடே போய்விடுகிறது. பொத்தானில் ஒரு சொல்லுக்குத்தான் இடம், வெள்ளிக்கிழமை கெடு.

---

முதலில் உற்சாகத்தை விடுங்கள், வடசொல். ஊக்கம் இருக்க வேறு எதற்கு? வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார், 592ஆம் குறளில் ‘உள்ளம் உடைமை உடைமை’ என்று உள்ளத்தையே ஊக்கத்துக்குப் பெயராக்குகிறார். பக்ட் ஊக்கம், மற்ற இரண்டுக்கும் தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பேசும் மெய்ப்பாட்டியலில் பெருமிதமும் உவகையும் காத்திருக்கின்றன. பெருமிதம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கைச் சொல்கிறார். இதில் தறுகண் பற்றித் தனி இழையே தொடங்கலாம், அஞ்சாமைக்குக் கண்ணை வைத்துப் பெயரிட்ட மொழி இது.

---

> பக்ட் ஊக்கம்

ஐயா, ஊக்கம் இன்று ஊக்கத்தொகை, ஊக்கமருந்து என்று போய்விட்டது. சோர்ந்திருக்கும்போது ஒருவர் நல்ல வார்த்தை சொல்ல, மனசு நிமிருமே, அதை யாரும் ‘ஊக்கமாக இருக்கிறது’ என்பதில்லை, ‘இப்பத்தான் தெம்பா இருக்கு’ என்பார்கள். எனவே பக்டுக்குத் தெம்பு. சஃப்ட், கன்னம் உப்பியிருப்பதைச் சொல்லும் வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் பூரிப்பிலும் அதே பருத்தல் இருக்கிறது, இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஸ்டோக்ட் தீயைக் கிளறிவிடுவது. கிளர்ச்சி நேராக உட்காரும், ஆனால் போராட்டம் என்றே படிப்பார்கள். துள்ளல் போடலாம்.

---

தெலுங்கிலும் தெம்பு உண்டு, துணிவு என்ற பொருளில். நம் சொல்தானா என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஊக்கம் அலுவலகச் சொல்லாகிவிட்டது என்று எல்லோரும் ஒதுக்கினால் அது அலுவலகத்திலேயேதான் கிடக்கும். இப்படிப்பட்ட இடங்களில் புழங்கவிட்டால்தானே பேச்சுக்குத் திரும்பும்?

---

அம்மா, உங்கள் கவலை நியாயம். ஆனால் மனம் சோர்ந்த நேரத்தில் ஒருவர் தொடப்போகும் பொத்தான் இது, அங்கே அவர் யோசிக்கக் கூடாது.

---

எல்லோருக்கும் நன்றி. திரையில் ‘நான் ... இருக்கிறேன்’ என்று வரும். தெம்பாக, பூரிப்பாக இரண்டும் சரியாக விழுகின்றன, பெரும்பான்மையும் அதற்கே, அவற்றை ஏற்றிவிட்டேன். ‘துள்ளலாக இருக்கிறேன்’ இடறுகிறது. ஸ்டோக்டுக்கு மட்டும் வியாழன் இரவுவரை பார்க்கிறேன், அப்புறம் உற்சாகம்தான்.

---

உற்சாகத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உவகை இன்னும் இருக்கிறது.