எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ்: கிராப் சென்சார்காரர்களின் அனுபவங்கள்

(கிராப் சென்சார் என்றால் ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார். ஒவ்வொரு தலைப்பும் எழுதுகிறவரின் கேமராவும் லென்ஸும்; லென்ஸ் எண்கள் மி.மீ.-இல் ஜூம் தூரம்.)

கேனான் 80டி, 18-135 யுஎஸ்எம்

திருவாரூர் ஆழித் தேரைப் படமெடுக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: லென்ஸ் மாற்ற அங்கே நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அலங்காரத்தோடு நிற்கும்போது தேர் 96 அடி உயரம் என்பார்கள். அது நகர ஆரம்பித்துவிட்டால் முன்னால் வடம் பிடிக்கிற கூட்டம், நாலா பக்கமும் புழுதி. அந்தப் புழுதியில் லென்ஸைக் கழற்றினால் தூசி நேராக சென்சாரில்தான் போய் உட்காரும்.

என்னிடம் இருப்பது 18-135 எஃப் 3.5-5.6 ஐஎஸ் யுஎஸ்எம். ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசர், யுஎஸ்எம் என்பது வேகமான ஃபோகஸ் மோட்டார். 2016-ல் 80டி-யோடு சேர்ந்து வந்த லென்ஸ். கேனான் கிராப் சென்சாருக்கு 1.6-ஆல் பெருக்கிப் பார்த்தால், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சுமார் 29 முதல் 216 மி.மீ. வரை. தேரோட்டத்தில் இது எப்படி உதவுகிறது என்று சொல்கிறேன். 18-ல் வைத்தால், கொஞ்சம் தள்ளி நின்று, தெரு முனையில் திரும்புகிற முழுத் தேரும் வடம் இழுக்கிற ஆட்களும் ஒரே ஃப்ரேமில் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்து அசையாமல் 135-க்குத் திருப்பினால், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறவரின் கை தெரியும். பிடியை இறுக்கிப் பிடித்து, சக்கரம் உருண்டு வருகிற நேரத்தில் சரியான கோணத்தில் கட்டையைக் கொடுத்துவிட்டு உடனே விலகுகிறார். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்தக் கட்டையில் இருக்கிறது. விரல் நரம்பு புடைத்திருப்பதும் கட்டையின் ஓரம் நசுங்கித் தும்பு தும்பாக இருப்பதும்கூட படத்தில் தெரிந்தன. முழுத் தேருக்கும் இந்தக் கைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு திருகல்தான். இதற்காகவே இந்த லென்ஸை நான் விட மாட்டேன்.

இன்னொரு நல்ல விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. 39 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யலாம். தாராசுரத்தில் ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சின்னப் புடைப்புச் சிற்பம் உண்டு, காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. 135-ல் கிட்டே போய் எடுத்தால் உளி பட்ட தடம்வரை ஃப்ரேம் நிறைய வரும். மேக்ரோ லென்ஸ் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. 18-ல் நேரான தூண்கள் வெளிப்பக்கம் வளைந்து தெரியும். இது சாஃப்ட்வேரில் ஒரு கிளிக்கில் சரியாகிவிடும், எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வெளிச்சம் குறைகிற இடம்தான் உண்மையான பிரச்சினை. ஜூம் செய்யச் செய்ய அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழைகிற துவாரம்; எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்) குறுகிக்கொண்டே போய், 100 மி.மீ. வருவதற்குள் 5.6 ஆகிவிடுகிறது. ஸ்டெபிலைசர் இருப்பதால் கல் தூணை 1/15 நொடி ஷட்டரில் கையில் பிடித்தே எடுத்துவிடலாம். ஆனால் தீபாராதனைக்குக் கை கூப்புகிறவர் கல் இல்லையே, அசைவார். அதற்கு வெளிச்சம் அதிகம் வாங்குகிற, ஜூம் இல்லாத 50 எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பையில் எப்போதும் கிடக்கும். 160 கிராம்தான், இருப்பதே தெரியாது. இந்த ஜோடிக்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

சோனி ஏ6400, டாம்ரான் 17-70

அண்ணா, தேருக்கு நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் கல்யாண வேலை செய்கிறவன், மண்டபத்துக்குள் கதை வேறு. தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் ஆரம்பித்ததும் சுற்றி நிற்கிற எல்லோரும் அட்சதை போடக் கையைத் தூக்குவார்கள். கைகளுக்கு நடுவில் கிடைக்கிற சந்தில்தான் படம். ஷட்டர் 1/200-க்குக் கீழே இறங்க முடியாது. அந்த நேரத்தில் எஃப் 2.8 இருந்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சாரின் உணர்திறன், கூட்டினால் படம் கரடுமுரடாகும்) 1600-ல் முடிகிற படம், 5.6 என்றால் 6400-க்குப் போகிறது. பட்டுப்புடவைச் சரிகையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 6400-ல் இழையெல்லாம் கலந்து ஒரே மஞ்சள் பட்டையாகிவிடும்.

அதனால் நான் தூரத்தை விட்டுக்கொடுத்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டேன். 17-ல் எடுத்தாலும் 70-ல் எடுத்தாலும் இதில் 2.8-தான். ஏ6400 பாடிக்குள் ஸ்டெபிலைசர் கிடையாது, லென்ஸிலேயே இருப்பது பெரிய உதவி. எடை 525 கிராம். 70 மி.மீ. என்பது 1.5-ஆல் பெருக்கினால் 105, மேடைக்குக் கீழே நின்று மணமக்கள் முகத்தை எடுக்கத் தாராளம். கடைசி வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்றால் போதாதுதான். ஆனால் கல்யாணத்தில் நம்மை யாரும் கடைசி வரிசையில் நிற்கச் சொல்வதில்லையே.

நிக்கான் டி7500, 18-140 + 70-300

18-400 ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். டாம்ரான் இதை 2017-ல் கொண்டுவந்தபோது ஆசை வராதவர்கள் குறைவு. நிக்கானில் 600 மி.மீ. அளவுக்குக் கிட்டே இழுக்கும், எடை 710 கிராம். வேடந்தாங்கல் கரையில் நண்பருடைய லென்ஸை மாட்டிப் பார்த்தேன். நீர்க்கடம்பு மரத்தில் உட்கார்ந்திருந்த கூழைக்கடா பெரிதாகத்தான் வந்தது. ஆனால் 400-ல் எஃப் 6.3, விடிகாலை வெளிச்சம். இறகுகள் தனித்தனியாகப் பிரியவில்லை, கொண்டையும் மழுங்கலாகத்தான் இருந்தது. என்னுடைய 70-300-ல் எடுத்ததைப் பெரிதாக்கி வெட்டினால் அதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரே குழாய்க்குள் 22 மடங்கு ஜூம் வேண்டும் என்றால் எங்கேயாவது விட்டுக்கொடுத்துத்தான் செய்ய முடியும், பெரும்பாலும் அது ஜூமை முழுக்க நீட்டும்போதுதான் தெரியும். ஏழெட்டு மடங்கு வரைக்கும் இந்த வகை லென்ஸை நம்பி வாங்கலாம் என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கை: நான் சொன்ன 70-300 ஏஎஃப்-பி வகை, அதாவது நிக்கானின் புது வகை ஃபோகஸ் மோட்டார் உள்ளது. டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேனான் 1500டி, புதியவர்

சார், செகண்ட் ஹேண்டில் 18-135 நிறைய வருகிறது. எல்லாம் ஒன்றுதானா?

கேனான் 80டி, 18-135 யுஎஸ்எம்

இல்லை தம்பி, மூன்று விதம் இருக்கிறது. 2009-ல் வந்ததில் வெறும் ஐஎஸ் என்று மட்டும் எழுதியிருக்கும். ஃபோகஸ் மோட்டார் சத்தம் போடும், வீடியோவில் கேட்கும். 2012-ல் சத்தம் குறைந்த மோட்டாரோடு எஸ்டிஎம், 2016-ல் யுஎஸ்எம். உங்கள் பாடிக்கு எஸ்டிஎம் தாராளமாகப் போதும், கண்ணாடியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓடுகிற ஆளையும் தேரையும் எடுக்க வேண்டும் என்றால் மட்டும் யுஎஸ்எம் பாருங்கள். ஃபில்டர் மூன்றுக்கும் 67 மி.மீ.தான்.

விலை பேசுவதற்கு முன்னால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். கடலோர ஊர்களில் இருந்த லென்ஸ் என்றால் உள்ளே பூஞ்சை இருக்கலாம், சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டுத் தெரியும். அது இருந்தால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. அப்புறம் 135-க்கு நீட்டி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். குழாய் லொடலொடவென்று ஆடினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.