மறு: ‘செறிவுச் சுழற்சி’ வேண்டாம், ‘செறிவு மடங்கு’ போதும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சூடான நீரில் ஒரு பகுதியை ஆவியாக்கி மீதியைக் குளிர்விக்கும் கோபுரத்தில், சுற்றிவரும் நீரின் உப்புச் செறிவு புதிதாக விடும் நீரினதைப்போல் எத்தனை பங்கு என்று காட்டும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘சைக்கிள்ஸ் ஆஃப் கான்சென்ட்ரேஷன்’ என்று பெயர். அதற்கும் அதையொட்டிய சொற்களுக்கும் நீங்கள் முன்வைத்த தமிழ்ச்சொற்கள் பற்றி என் பதில் இது.

> குளிர்விப்புக் கோபுர நீர் பற்றிய பகுதியில் ‘செறிவுச் சுழற்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. ஆங்கிலத்திலும் ‘சைக்கிள்ஸ்’ என்றுதானே இருக்கிறது?

சிக்கலே அந்த ஆங்கிலச் சொல்லில்தான் ஐயா. அந்த எண் எந்தச் சுற்றையும் எண்ணுவதில்லை. கோபுரத்தில் நீர்தான் ஆவியாகிறது; அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. புதிதாக விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரைடும், சுற்றிவரும் நீரில் 200 மில்லிகிராமும் இருந்தால் அந்த எண் 4. அந்த நிலையை எட்டுவதற்குள் பம்பு அதே நீரை எத்தனையோ தடவை சுற்றவிட்டிருக்கும். ‘செறிவுச் சுழற்சி 4’ என்று படிப்பவர், நான்கு சுற்று முடிந்ததும் நீரை வடித்துவிட வேண்டும் என்று நினைத்தால் தவறு அவருடையதா? போதாக்குறைக்கு, பம்பு தள்ளும் அளவையும் அதே பக்கத்தில் ‘சுழற்சி வீதம்’ என்கிறோம்.

இத்தனை பங்கு கூடியிருக்கிறது என்று சொல்லத் தமிழில் ‘மடங்கு’ இருக்கிறது. ‘செறிவு மடங்கு’ என்றால் கணக்கும் எளிதில் பிடிபடும். மடங்கில் ஒன்றைக் கழித்து, ஆவியாகும் அளவை அதனால் வகுத்தால், உப்பு அதற்குமேல் ஏறாமலிருக்க வடிக்க வேண்டிய அளவு கிடைக்கும். மணிக்கு 60 லிட்டர் ஆவியானால், 3 மடங்கில் 30 லிட்டர் வடிக்க வேண்டும். 6 மடங்கில் 12 லிட்டர் போதும். 10 மடங்குக்குப் போனாலும் ஏறத்தாழ 7 லிட்டருக்குத்தான் இறங்கும். அந்த ஐந்து லிட்டரை மிச்சம் பிடிக்கப்போய், வெப்பமாற்றிக் குழாய்களில் சுண்ணாம்பு படியவிடுவது சின்ன அமைப்புக்குக் கட்டுப்படியாகாது.

> ப்ளோடவுன் = கீழூதல்

உப்பு செறிந்த தொட்டிநீரில் ஒரு பகுதியை இப்படி வடித்துவிடுவதுதான் ப்ளோடவுன். அதற்குக் ‘கீழூதல்’ என்பதை ஏற்க முடியவில்லை. கொதிகலனில் அழுத்தத்தோடு பீறிட்டு வருவதற்கு வேண்டுமானால் ‘ஊதல்’ பொருந்தலாம். இங்கே, உப்பு கூடக்கூட ஏறும் நீரின் மின்கடத்துதிறன் வரம்பைத் தாண்டியதும் ஒரு வால்வு திறந்து தொட்டிநீர் வடிகிறது, அவ்வளவே. ‘செறிநீர் வடிப்பு’ என்றால் எது வடிகிறது, ஏன் வடிகிறது, இரண்டும் தெரியும். ‘வெளியேற்றம்’ என்று பொதுவாக விட்டால் காற்றோடு பறக்கும் துளிகளும் அதில் சேர்ந்துவிடும்.

பராமரிப்பவருக்கு எழுதும் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்: “நுண்ணுயிர்க்கொல்லி விட்டபின், அது வேலை செய்து முடிக்கும்வரை செறிநீர் வடிப்பை நிறுத்தி வைக்கவும், இல்லையேல் மருந்து வீணாக வடிந்துபோகும்.” தடையில்லாமல் படிக்க முடிகிறது. ‘கீழூதலை நிறுத்தி வைக்கவும்’ என்றால் அவர் மின்விசிறியைத்தான் நிறுத்துவார்.

இழப்பை ஈடுசெய்யப் புதிதாக விடும் மேக்கப் நீருக்கு ‘ஈடுநீர்’ எனக்குச் சம்மதம். காற்றோடு பறக்கும் துளிகளுக்கு ‘தூவல் இழப்பு’, ‘துளி இழப்பு’ என்ற இரண்டில் நான் இரண்டாவதன் பக்கம். மறுப்பவர்கள் தங்கள் சொல்லையும் இதுபோல ஒரு பராமரிப்புக் குறிப்பில் வைத்து எழுதுங்கள்.